குளமும் நீரும்: ஓர் இசைக்குழுவின் வரலாறு



மன்னார்க் கரையோரத்திலே நறுவிலிக்குளம் என்றோர் ஊர் உண்டு. நறுவிலி என்பது ஒரு மரம்; பசைபோல் ஒட்டும் சதையையுடைய சிறு பழங்களைத் தருவது. மரத்தின் பெயரும் குளத்தின் பெயரும் சேர்ந்து அங்கே ஊரின் பெயராகி நிற்கின்றன. குளத்தின் பெயரையே தம் பெயராகக் கொண்ட ஊர்கள் மன்னார்ப் பகுதியிலே பல. மழையை நம்பி வாழும் வறண்ட நிலத்திலே, நீர் தங்கும் இடமே மனிதனும் தங்கும் இடம்.

குளத்தைப் பற்றி ஒன்று எண்ணிப் பார்க்கத் தக்கது. மாரியிலே நிரம்பிய நீர் கோடையிலே வற்றிப்போகிறது. அடுத்த மாரியிலே வந்து சேர்வது புதுநீர். சென்ற ஆண்டின் நீரிலே ஒரு துளியும் எஞ்சாதிருக்கலாம். அதற்காக எவரும் குளத்துக்குப் புதுப்பெயர் இடுவதில்லை. பாட்டன் குளித்த குளம் இதுவே என்று பேரனுக்குக் காட்டுகிறோம். நீர் மாறினும் குளம் மாறவில்லை என்று நம்மைக் கூறச் செய்வது எது? கட்டு. மண்ணால் எழுப்பிய அந்தக் கட்டு உடையாதிருக்கும்வரை குளம் குளமே.

இனி, ஒரு கூத்துக் குழுவை, அல்லது ஓர் இசைக்குழுவை எண்ணிக்கொள்ளுங்கள். பாடுவோன் ஒருவன் இறந்துபோகிறான். மத்தளம் கொட்டுவோன் ஊரைவிட்டுப் போகிறான். தொடங்கியவனே ஒருநாள் விலகிவிடுகிறான். பெயர் மட்டும் நிற்கிறது. அது பழைய குழுதானா? அதற்குரிய கட்டு எது? இந்தக் கேள்விக்கு விடை தேடி இரண்டு நாடுகளின் மூன்று இசைக்குழுக்களுடைய வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலிலே இங்கிலாந்துக்குச் செல்வோம். 1976ஆம் ஆண்டு. மான்செஸ்டர் நகரமும் அதன் சுற்றுப்புறமும் பழைய தொழிற்சாலைகளும் வேலையற்ற இளைஞரும் நிறைந்த இடங்களாக இருந்தன. அக்காலத்திலே பங்க் என்னும் முரட்டு இசை அந்நாட்டு இளைஞரிடையே தீப்போற் பரவியது. இசைப்பயிற்சி வேண்டியதில்லை, மூன்று சுரக்கட்டுகள் தெரிந்தாற் போதும், மேடை ஏறலாம் என்பது அதன் கொள்கை. அந்தத் தீ விரைவில் அடங்கியது. அதன் சாம்பலிலிருந்து, அதே துணிவோடு, ஆனால் புதிய ஓசைகளைத் தேடி எழுந்த இசையைப் பங்க்குக்குப் பிந்திய இசை என்று வரலாற்றாசிரியர்கள் வகுத்துள்ளனர்.

அவ்வகையிலே தோன்றிய குழுக்களுள் ஒன்று ‘த ஃபோல்’. வீழ்ச்சி என்பது அப்பெயரின் பொருள். பிரெஞ்சு எழுத்தாளர் அல்பேர் காம்யுவின் நாவல் ஒன்றிலிருந்து எடுத்தது. அதன் தலைவர் மார்க் ஈ. ஸ்மித், கப்பற்றுறை அலுவலகம் ஒன்றிலே எழுதுவினைஞராக இருந்தவர். இவருக்கு இனிய குரல் கிடையாது. சுரம் தப்பாது பாடவும் மாட்டார். ஆயினும் சொற்களை உமிழ்ந்து எறிவதுபோல் அவர் பாடிய முறை எவராலும் மறக்க இயலாததாயிற்று. 1976 முதல் 2018 வரை நாற்பத்திரண்டு ஆண்டுகள் அக்குழு நடந்தது. முப்பதுக்கு மேற்பட்ட இசைத்தட்டுகள் வெளிவந்தன. அவ்வளவு காலத்திலும் அதிலே சேர்ந்து விலகியோர் ஏறக்குறைய அறுபத்தாறு பேர் என்று கணக்கிட்டுள்ளனர்! சிலர் பல்லாண்டுகள் இருந்தனர். சிலர் சில நாள்களே தங்கினர். ஸ்டீவ் ஹான்லி என்பவர் 1979 முதல் 1998 வரை பத்தொன்பது ஆண்டுகள் அடிநாதக் கிற்றார் வாசித்தார். 1998இலே நியூயோர்க் நகர மேடையிலேயே தலைவருக்கும் மற்றவர்க்கும் கைகலப்பு ஏற்பட்டது. ஹான்லியும் வேறு சிலரும் விலகினர். ஸ்மித் கலங்கவில்லை. புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரில் தொடர்ந்தார். விலகியவர்களைத் தேடித் தேடிப் பேட்டி கண்டு ஒரு பத்திரிகையாளர் 2008இலே தனி நூலொன்றே வெளியிட்டார் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

வானொலி நேயர்களாகிய உங்களுக்கு மற்றொரு செய்தியும் சுவையாக இருக்கும். அக்குழுவை இங்கிலாந்து முழுவதும் அறிமுகப்படுத்தியவர் பி.பி.சி. வானொலியின் அறிவிப்பாளர் ஜோன் பீல். 1978 முதல் 2004 வரை இருபத்து நான்கு தடவை அவர் நிகழ்ச்சிக்காக அக்குழு ஒலிப்பதிவு செய்தது. ஆட்கள் அடிக்கடி மாறினர். கேட்போர் வானொலிப் பெட்டியைத் திருப்பிய கணத்திலேயே இன்னார் என்று கண்டுகொண்டனர்.

இங்கே கட்டு எது? ஒரே மனிதன். ஆகவே 2018 ஜனவரி 24ஆந் தேதி மார்க் ஸ்மித் காலமானதும் குழு முடிந்தது. எஞ்சியோர் அப்பெயரிலே பாட எண்ணவில்லை. கட்டு உடைந்தால் நீர் நிற்குமா?

அதே மான்செஸ்டர்ப் பகுதியிலே அதே காலத்திலே தோன்றிய மற்றொரு குழு ‘ஜோய் டிவிஷன்’. நால்வர் கொண்டது. அதன் பாடகர் இயன் கேர்ட்டிஸ், 1980 மே 18ஆந் தேதி, அமெரிக்கப் பயணத்துக்கு முன்னாள், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது இருபத்து மூன்று. நால்வருள் ஒருவர் பிரிந்தாலும் அந்தப் பெயரைப் பயன்படுத்துவதில்லை என்று முன்னரே தமக்குள் முடிவு செய்திருந்தனர். எஞ்சிய மூவரும் சொல்லைக் காத்தனர். ‘நியூ ஓர்டர்’ என்னும் வேறு பெயரிலே வேறு குழுவாக எழுந்து உலகப் புகழ் பெற்றனர். இங்கே கட்டு நண்பர்களின் உடன்படிக்கை. இறந்தவரோடு பெயரையும் அடக்கம் செய்தனர்.

ஒருவரே நிலைத்து மற்றெவரும் மாறுவது ஒரு வழி. ஒருவர் போனாலும் பெயரை விட்டுவிடுவது மற்றொரு வழி. மூன்றாவது வழியொன்றும் உண்டு. அதைக் காண நாம் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும். நான் விரிவாகச் சொல்ல விரும்புவதும் அந்த வரலாற்றையே.

டில்லி மாநகரிலே 1990ஆம் ஆண்டு ஓர் இசைக்குழு உருவாயிற்று. பெயர் ‘இந்தியன் ஓஷன்’, அதாவது இந்துமாகடல். மன்னார்க் கரையை நனைக்கும் கடலின் பெயரை, கடலே காணாத டில்லியிலே ஒரு குழு சூட்டிக்கொண்டது விந்தைதான். தொடங்கியவர்கள் இருவர்: கிற்றார் வாசிக்கும் சுஷ்மித் சென், தபேலா கொட்டிக்கொண்டே பாடும் அசீம் சக்கரவர்த்தி. இருவரும் எண்பதுகளிலேயே நண்பராகிச் சேர்ந்து வாசித்து வந்தவர்கள். மேல்நாட்டுக் கருவியாகிய கிற்றாரிலே இந்திய இராகங்களின் சாயலை எழுப்பினார் சுஷ்மித். அசீமோ மேடையிலே சம்மணமிட்டு அமர்ந்து, விரல்கள் தபேலாவிலே ஓட, அடிவயிற்றிலிருந்து குரலெடுத்துப் பாடுவார். றொக் இசைக்குழுவின் பாடகர் என்றால் மேடையெங்கும் துள்ளுபவர் என்ற எண்ணம் அவரைக் கண்டதும் அகன்றுவிடும்.

தொடக்கத்திலே வேறு சிலரும் இருந்தனர், வந்தனர், போயினர். 1991இலே ராகுல் ராம் அடிநாதக் கிற்றார் வாசிக்கச் சேர்ந்தார். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்திலே சுற்றாடல் நஞ்சியலில் டாக்டர்ப் பட்டம் பெற்றவர் இவர். தாயகம் திரும்பிய பின் நர்மதை ஆற்றிலே கட்டப்பட்ட பேரணையால் வீடிழக்கும் மக்களின் போராட்டத்திலே பங்குகொண்டார். குழுவின் முதல் இசைத்தொகுதி 1993இலே வெளிவந்தது. 1994இலே அமித் கிலம் முரசுக் கலைஞராகச் சேர்ந்தார். சுஷ்மித், அசீம், ராகுல், அமித் என்னும் இந்த நால்வரும் பதினைந்து ஆண்டுகள் பிரியாதிருந்தனர். குழுவின் பெரும்புகழ் யாவும் இக்காலத்திலே விளைந்தது.

அப்புகழ் எளிதிலே வந்ததன்று. முதல் தொகுதிக்குப் பின் அடுத்ததை வெளியிட நிறுவனம் எதுவும் முன்வரவில்லை. தெருநாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மி, 1989இலே நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு உயிர்நீத்தவர். அவர் நினைவாக எழுந்த சஹ்மத் அமைப்பு டில்லியிலே நடத்திய நிகழ்ச்சியிலே குழு வாசித்ததை அப்படியே பதிவுசெய்து 1997இலே ‘டெசேட் ரெயின்’ என்ற பெயரில் வெளியிட்டனர். ஒலிப்பதிவுக் கூடத்தின் வசதி எதுவுமின்றி மேடையிலே ஒலித்ததே இசைத்தட்டாயிற்று.

2000ஆம் ஆண்டிலே ‘கந்தீசா’ என்னும் தொகுதி வெளிவந்து குழுவை நாடறியச் செய்தது. மன்னார்க் கத்தோலிக்க நேயர்கள் இதனைச் சற்றே கவனித்துக் கேட்க வேண்டும். கந்தீசா என்ற சொல்லுக்குப் பரிசுத்தர் என்பது பொருள். அது சிரியாக் மொழி. இயேசுநாதர் பேசிய அரமேயத்தின் கிளை. கேரளத்துச் சிரியன் கிறித்தவர் தம் வழிபாட்டிலே நெடுங்காலமாகப் பாடிவந்த துதியை, கிறித்தவர் எவரும் அல்லாத டில்லிக் கலைஞர் நால்வர் எடுத்து, அதன் பக்தி குன்றாது பாடினர். பொருள் அறியாத இலட்சக்கணக்கான இளைஞர் அதனைக் கேட்டு உருகினர். அதே தொகுதியிலே ‘மா ரேவா’ என்றொரு பாட்டும் உண்டு. ரேவா என்பது நர்மதை ஆற்றின் மறுபெயர். ஆற்றங்கரை மக்களின் நாட்டுப்பாடல் அது. போராட்டக் காலத்திலே ராகுல் ராம் கேட்டு மனத்திலே கொண்டுவந்தது. அணைநீரிலே ஊர்கள் மூழ்கின. ஊராரின் பாட்டு மூழ்காமல் நகரத்து மேடைக்கு வந்து சேர்ந்தது.

2003இலே வெளிவந்த ‘ஜீனி’யிலே கபீர்தாசரின் பாடலைப் பாடினர். அனுராக் கஷ்யப் இயக்கிய ‘பிளக் ஃபிரைடே’ திரைப்படத்துக்கு இசையமைத்தனர். 1993இலே பம்பாயிலே நிகழ்ந்த குண்டுவெடிப்புகளைப் பற்றிய அப்படம் நீதிமன்றத் தடையிலே சிக்கி 2007இலேதான் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. பாடல்களோ அதற்கு முன்னரே மக்களிடையே பரவிவிட்டன. காதற்பாட்டையும் சினிமாப் பாட்டையும் தவிர இளைஞருக்கு வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தவர்களின் எண்ணத்தை இந்நால்வரும் பொய்யாக்கினர்.

இவ்வளவும் உருவானது எங்கே? டில்லி கரோல் பாக் பகுதியிலே, காஜூர் வீதியிலே, பழைய பங்களா ஒன்றிலே. குழுவினர் அங்கே கூடிப் பயின்றனர். ஒருவர் ஒரு சிறு இசைத்துணுக்கைக் கொண்டுவருவார். மற்றவர் அதிலே தத்தம் பங்கைச் சேர்ப்பர். எவருக்கேனும் பிடிக்காவிடின் விட்டுவிடுவர். ஒரு பாட்டு முழுமையுற மாதங்களும் ஆகும், ஆண்டுகளும் ஆகும். நம் ஊர்களிலே அண்ணாவியார் வீட்டு முற்றத்திலே கூத்துப் பழகுவதை ஒத்தது அது.

2009ஆம் ஆண்டு அசீம் சக்கரவர்த்தி மாரடைப்பால் வீழ்ந்தார். அவ்வாண்டு டிசம்பர் 25ஆந் தேதி, நத்தார்த் தினத்தன்று, காலமானார். வயது ஐம்பத்திரண்டு. பாடகரையும் தபேலாவையும் குழு ஒருங்கே இழந்தது. அடுத்த ஆண்டு, பயிற்சி செய்த வீட்டின் விலாசத்தையே பெயராக்கி ‘16/330 காஜூர் றோட்’ என்னும் தொகுதியை வெளியிட்டனர். பாட்டுகளை மாதத்துக்கு ஒன்றாக, எவரும் இலவசமாகப் பெற்றுக்கொள்ளுமாறு இணையத்திலே இட்டனர். அசீம் உயிரோடிருந்தபோது பதிவான பாட்டுகள் அவை. இறந்தவரின் குரல் மாதந்தோறும் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தது. வானொலிக்குப் பழகிய நமக்கு இவ்வனுபவம் புதிதன்று. மறைந்த பாடகர் ஒருவரின் குரல் மாலை வேளையிலே பெட்டியிலிருந்து எழும்போது, அவர் அடுத்த அறையிலே இருப்பதாகவே நம் மனம் கொள்கிறது.

மான்செஸ்டர் இளைஞர் செய்ததுபோல் பெயரை விட்டுவிடவில்லை இவர்கள். அசீம் ஒருவர் செய்த பணிக்கு இருவரைச் சேர்த்தனர். தபேலா வாசிக்கத் துஹின் சக்கரவர்த்தி. பாட ஹிமான்ஷு ஜோஷி. ஒரு மனிதனின் இடத்தை நிரப்ப இருவர் தேவைப்பட்டனர் என்பதே மறைந்தவருக்குச் செய்த பெருமரியாதை.

சோதனை அத்தோடு முடியவில்லை. 2013இலே, குழுவைத் தோற்றுவித்த சுஷ்மித் சென்னும் விலகினார். தம் வழியிலே தனித்து வாசிக்க விரும்பினார். தம் அனுபவங்களை ஒரு நூலாகவும் எழுதினார். அவர் இடத்துக்கு நிகில் ராவ் வந்தார். தொடங்கியவர் இருவருள் ஒருவர் கூட இப்பொழுது இல்லை. ஆயினும் 2014இலே ‘தந்தானு’ வெளிவந்தது. அதிலே ஒவ்வொரு பாட்டுக்கும் வெளியிலிருந்து ஒரு கலைஞரை அழைத்துச் சேர்த்துக்கொண்டனர். கஞ்சிராக் கலைஞர் செல்வகணேஷ், வயலின் கலைஞர் குமரேஷ் என்னும் தமிழர் இருவரும் அவ்வரிசையிலே உள்ளனர். 2023இலே ‘தூ ஹை’ வந்தது.

நேயர்களே, இங்கே எழும் கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாது. அசீமின் குரலும் சுஷ்மித்தின் கிற்றாரும் இல்லாதது இந்தியன் ஓஷன் ஆகுமா? ஆகாது என்று கூறும் பழைய இரசிகர் பலர். அவர் கூற்றிலே உண்மை உண்டு. ஒரு குரல் போனால் போனதுதான். அதற்கு ஈடு வேறு குரல் அன்று. புதியவர் எத்துணை வல்லவராயினும், பழைய பாட்டைக் கேட்கும்போது பழைய குரலையே நம் செவி தேடும். அந்த ஏக்கத்தைக் குறைகூறுவது முறையன்று.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இக்குழுவின் சிறந்த பாட்டுகளிலே சில இவர்கள் இயற்றியவை அல்ல. சிரியன் கிறித்தவரின் துதி, நர்மதைக்கரை மக்களின் பாட்டு, கபீரின் பாடல் ஆகிய யாவும் முன்னோர் கையிலிருந்து பெற்றவை. பெற்றதைத் தம் முறையிலே பாடி அடுத்தவர் கையிலே கொடுப்பதே இவர்கள் பணியாக இருந்தது. அவ்வாறாயின், தமக்கு முன்னே ஆயிரம் வாய்கள் பாடிய பாட்டைத் தமக்குப் பின்னே வேறு வாய்கள் பாடுவதிலே தவறு என்ன? மார்க் ஸ்மித்தின் பாட்டு மார்க் ஸ்மித்தின் மூச்சு. அவரோடு நின்றது நியாயமே. கந்தீசா எவருடைய தனிமூச்சும் அன்று. இந்தக் குழுவின் கட்டு கூடியிருந்து பாட்டை வளர்க்கும் அந்தப் பழக்கமே என்பது என் துணிபு.

இவ்வளவையும் நான் நறுவிலிக்குளத்தின் பெயரோடு தொடங்கியதற்குக் காரணம் உண்டு. மன்னார் மாவட்டம் கூத்து வளர்ந்த நிலம். புனிதர் வரலாறுகளையும் மூவிராசாக்கள் கதையையும் விடிய விடிய ஆடிய ஊர்கள் இங்குள்ளவை. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இருவேறு மரபுகளை இங்கே வகுத்துக் கூறுவர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே இப்பகுதி நாடகங்களைப் பதிப்பித்து அச்சிலே ஏற்றினார். ஏட்டிலே கிடந்தவை நூலாயின. நூல் அழியாது, ஆடுவோர்?

போர்க்காலத்திலே இக்கரையோர மக்கள் பலர் கடல் கடந்து இராமேசுவரத்துக்கும், காடு கடந்து மடுவுக்கும், பின்னர் உலகின் நாற்றிசைக்கும் சிதறினர். இராசா வேடம் பூண்டவர் ஒரு நாட்டிலே. மந்திரி வேடக்காரர் மற்றொரு நாட்டிலே. சிலர் எந்த நாட்டிலும் இல்லை. திரும்பி வந்த ஊர்களிலே மீண்டும் கூத்துப் பழகத் தொடங்கினால், ஒரு சங்கடம் முன்னிற்கும். இன்னார் பாடிய விருத்தத்தை இந்தப் பையன் பாடுவதா? அவர் பாடியதுபோல் வருமா? வராது. வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் பிழை. பையன் நாணி விலகுவான். முதியவர் பெருமூச்சோடு பழங்கதை பேசுவார். பாட்டு நூலிலே மட்டும் தங்கும். கட்டு உடைவது இவ்வாறே; ஒரே நாளிலே வெள்ளம் வந்து உடைப்பதில்லை.

டில்லிக் கலைஞரிடம் நாம் கற்கத் தக்கவை இரண்டு. ஒன்று, போனவரின் பெயரை மறவாதிருத்தல். அசீமின் குரலை வீடுதோறும் அனுப்பிய பின்னரே அவர்கள் அடுத்த அடி எடுத்துவைத்தனர். கூத்து மேடையேறும் நாளிலே, முன்னர் அந்த வேடம் கட்டியவர் இன்னார் என்று அறிவிப்பது நம்மாலும் இயலும். மற்றொன்று, வந்தவனுக்கு இடம் கொடுத்தல். அவன் குரல் அவன் குரலாகவே இருக்கட்டும். மெட்டும் தாளமும் சொல்லும் சரியாக இருத்தல் போதும்.

மாரி வந்ததும் நறுவிலிக்குளத்தார் வானத்தை நோக்குவர். அதற்கு முன்னரே குளக்கட்டை ஒருமுறை சுற்றிப் பார்ப்பர். எந்த மேகத்தின் நீர் என்று கேட்டு எந்தக் குளமும் ஏற்பதில்லை. கட்டைக் காப்பது நம் கடன். நீர் தானே வரும்.